தலபத்தின் முழு நீளம்

பத்தாம் தேதி சம்பளம் கிடைத்தால் பதினோராம் தேதி எங்கள் லயம் முழுக்க மீன் மணக்கும். மீன்கார ஐயா நாவலப்பிட்டியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். பின்னால் ஒரு பலகைப் பெட்டி, அதற்குள் ஐஸ், ஐஸுக்குள் மீன். தேயிலை மலைக்கு நடுவே வளைந்து வரும் பாதையில் மூன்று வளைவு தள்ளி வரும்போதே அவருடைய ஹோர்ன் கேட்டுவிடும். மற்ற நாட்களில் சாளையோ பலயாவோதான் கொண்டுவருவார். சம்பளத்துக்கு மறுநாள் மட்டும் தலபத் இருக்கும்.

அம்மா அரைக்கிலோ கேட்பாள். பெட்டி மூடியைத் திருப்பிப் போட்டு, அதன் மேல் வைத்து வெட்டி, பழைய பேப்பரில் சுற்றித் தருவார். நடுவில் முள், அதைச் சுற்றி வெளிர் சிவப்புச் சதை, இரண்டு பக்கமும் கறுத்த இரத்தச் சதை, ஓரத்தில் தடித்த சாம்பல் தோல். கொறக்காப் புளி போட்டு அம்மா ஆக்கும் குழம்பை மறுநாள் காலை ரொட்டியோடு தின்பதற்காகவே நானும் தங்கச்சியும் இரவில் கொஞ்சம் மிச்சம் வைப்போம். இருபத்துமூன்று வயது வரை எனக்குத் தெரிந்த தலபத் அவ்வளவுதான். அதற்குத் தலை கிடையாது, வால் கிடையாது, கண் கிடையாது. கடலில் அது எப்படி இருக்கும் என்று எனக்குக் கேட்கத் தோன்றியதே இல்லை. உருளைக்கிழங்குக்கு முகம் இருக்கிறதா என்று யார் கேட்பார்கள்?

கடல் எங்களுக்கு அந்நியமாக இருந்திருக்கக் கூடாது. எங்கள் பூட்டன்மார் கடல் கடந்து வந்தவர்கள். தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக நடந்து மாத்தளைக்கு ஏறியவர்கள். அந்த வருகையின் 200 ஆண்டு நினைவாக 2023-இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை எங்கள் மக்கள் மறுபடியும் அந்த வழியே நடந்தார்கள். ஆனால் ஒருமுறை மலை ஏறிய பிறகு கடல் எங்களை விட்டுப் போய்விட்டது. என் அப்பாச்சி சாகும்வரை கடலைப் பார்க்கவில்லை. வீட்டுக்குள் வந்த கடல் எல்லாம் அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கும் கருவாடுதான். கட்டாக் கருவாடு அப்பாவுக்கு உயிர். அந்தக் கட்டாவும் தூண்டிலில் பட்டால் தண்ணீருக்கு மேலே துள்ளித் துள்ளி ஓடுகிற மீன் என்பது எனக்கு ரொம்பப் பிந்தித்தான் தெரியவந்தது.

தலபத் என்ற பெயரின் பொருளைச் சொன்னது என்னோடு படித்த சிங்கள நண்பன் ஒருவனின் ஆச்சி. எங்கள் தோட்டத்துக்குக் கீழே அவர்கள் கிராமம். வாசலில் ஒரு தாளிப்பனை நின்றது. சிங்களத்தில் அந்த மரம் தல, அதன் இலை தலபத. குடை வாங்க வசதியில்லாத காலத்தில் மழைக்கு அந்த ஓலையைத்தான் பிடித்துப் போவார்களாம். வேண்டும்போது விரிக்கலாம், வேண்டாதபோது விசிறி மாதிரி மடித்துக் கக்கத்தில் வைக்கலாம். மீன் முதுகிலும் அதே மாதிரி ஒரு ஓலை இருக்கிறது என்று கையை விரித்து மடக்கிக் காட்டினார். நான் தின்ற துண்டில் அப்படி ஒன்றும் இல்லையே என்று யோசித்தேன். மலையாளத்துக் கரையில் இதே மீனை ஓலை மீன் என்கிறார்கள், தமிழ்நாட்டில் மயில் மீன் என்கிறார்கள். ஓலையைப் பார்த்தவர்களும் தோகையைப் பார்த்தவர்களும் வைத்த பெயர்கள் இவை. நான் இரண்டையும் பார்க்கவில்லை.

அந்த ஓலையைப் பற்றி எழுதிய ஒரு ஆங்கிலேயரை இங்கே சொல்லத்தான் வேண்டும். றொபர்ட் நொக்ஸ் என்ற கப்பற்காரர் 1660-இல் திருகோணமலைக்குப் பக்கத்தில் கொட்டியாரக் குடாவில் கண்டி மன்னரின் ஆட்களிடம் பிடிபட்டு, பத்தொன்பது வருடம் மலைநாட்டில் சிறையிருந்தார். தப்பிப் போய் 1681-இல் அவர் வெளியிட்ட புத்தகத்தில் தாளிப்பனை ஓலையை வியந்து எழுதியிருக்கிறார். விரித்தால் பதினைந்து இருபது பேரை மூடும், மடித்தால் ஒரு ஆளின் கை அளவுதான் என்கிறார். கொட்டியாரக் குடா என்ற பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

மீன்பிடிப்பை விளையாட்டாகச் செய்தவர்கள் என்றால் எங்கள் பக்கத்தில் துரைமார்தான். 1880-களில் இங்கிலாந்திலிருந்து டிரவுட் மீன் முட்டைகளைக் கப்பலில் கொண்டுவந்து, பொரிக்கவைத்து, நுவரெலியாப் பக்கத்து ஓடைகளில் விட்டார்கள். ஹோர்ட்டன் சமவெளியில் இன்றைக்கும் டிரவுட் இருக்கிறது. தங்கள் ஊர் ஓடையில் உணர்ந்த அந்த இழுப்பைக் கடல் தாண்டியும் தேடிய மனிதர்களை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. அந்த இழுப்பு எனக்கும் தெரியும். 1985-இல் கட்டி முடித்த கொத்மலை நீர்த்தேக்கத்தின் கரையில், மூங்கில் கம்பும் மண்புழுவும் வைத்துக்கொண்டு எத்தனை ஞாயிற்றுக்கிழமை நின்றிருக்கிறேன்! திலாப்பியா உள்ளங்கை அளவுதான் இருக்கும். ஆனாலும் நூல் வழியாக விரலுக்கு வரும் அந்தத் துடிப்பு இருக்கிறதே, கண்ணுக்குத் தெரியாத ஒரு உயிர் உங்கள் கையைப் பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கும். அந்தத் துடிப்புதான் என்னைக் கடல்வரை இழுத்துப் போனது.

1977 கலவரத்துக்குப் பிறகு எங்கள் சொந்தத்தில் பல குடும்பங்கள் மலையை விட்டு வவுனியாவுக்கும் திருகோணமலைக்கும் போய்விட்டன. பெரியப்பா குடும்பம் உப்புவெளிப் பக்கம் குடியேறியது. அவர் மகன், என் அண்ணன், மீன்பிடிக்கிறவர்களோடு பழகி அந்த ஊர்க்காரனாகவே ஆகிவிட்டார். வா, வா என்று அவர் பல வருடம் கூப்பிட்டும் நான் போகவில்லை. கடைசியில் ஒரு ஜூன் மாதம் போனேன். கிழக்குக் கரையில் மே முதல் செப்டெம்பர் வரை கடல் அமைதியாக இருக்கும். பஸ் ஏற்றிவிட வந்த அப்பா, "நம்ம ஆத்துத் தண்ணி அங்கதான் போய்ச் சேருது, பாத்துட்டு வா" என்றார்.

அப்பா சொன்னது உண்மை. கொத்மலை ஓயா மகாவலியோடு சேர்ந்து, கண்டியைச் சுற்றி, விக்டோரியா, ரந்தெனிகல அணைகளைத் தாண்டி, 335 கிலோமீட்டர் ஓடுகிற அந்த ஆற்றின் முடிவில் மூதூருக்குப் பக்கத்தில் கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கிறது. நொக்ஸ் பிடிபட்ட அதே இடம். குடாவுக்கு வெளியே கடலின் அடித்தரை திடீரென்று இறங்கி ஒரு பெரிய பள்ளத்தாக்காகிவிடுகிறது. ஆழக்கடல் கரைக்கு இவ்வளவு கிட்ட வருவதால்தான் திமிங்கிலமும் சூரையும் தலபத்தும் அங்கே சின்னப் போட்டுக்கு எட்டுகிற தூரத்தில் வருகின்றன. எங்கள் மலையைக் கழுவிய மழை போய்ச் சேருகிற இடத்தில் இந்த மீன் வாழ்கிறது என்று நினைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

விடிய நாலரைக்கு மணலில் போட்டைத் தள்ளினோம். பைபர் போட், பின்னால் ஒரு எஞ்சின். போட்கார அண்ணன், அவருடைய மருமகன், என் அண்ணன், நான். வெளிச்சம் வரும்போது திரும்பிப் பார்த்தேன், கோணேசர் மலை ஒரு கறுப்புக் கட்டியாகச் சின்னதாகிக்கொண்டிருந்தது. வயிறு புரட்டியது. போட்கார அண்ணன் தேசிக்காய் ஒன்றை வெட்டிக் கையில் தந்து, "மோந்துகொண்டு தூரத்தப் பாருங்க தம்பி, தண்ணியப் பாக்காதீங்க" என்றார்.

போட்டை மெதுவாக ஓட்டிக்கொண்டே பின்னால் இரண்டு நூலை இழுத்துப் போனோம். ஒன்றில் பிளாஸ்டிக் கணவாய், இன்னொன்றில் கொக்கியில் கோத்த மீன். கையில் பிடிப்பதற்கு வெளிநாட்டிலிருந்து வந்த நண்பன் ஒருவன் தந்த ரீல் போட்ட கம்பு இருந்தது. போட்கார அண்ணனுக்குக் கம்பு பிடிக்காது. அவர் தங்கூசியைக் கையிலேயே பிடிப்பவர், விரல்களில் பழைய வெட்டுத் தழும்புகள் வரிவரியாக இருந்தன. மூன்று மணித்தியாலம் ஒன்றும் இல்லை. பிறகு தூரத்தில் பறவைக் கூட்டம் ஒன்று தண்ணீரில் விழுந்து விழுந்து எழும்பியது. எஞ்சின் சத்தம் குறைந்தது.

முதலில் பார்த்தது பாயைத்தான். பிளாஸ்டிக் கணவாய்க்குப் பின்னால் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஒரு கருநீல விசிறி எழும்பியது. ஆச்சி கையை விரித்துக் காட்டினாரே, அப்படியே. அதற்குக் கீழே இருந்த உடம்பு ஒரு நிறத்தில் நிற்கவில்லை. செம்பு நிறம், உடனே ஊதா, உடனே பக்கத்தில் இளநீலக் கோடுகள், யாரோ உள்ளே விளக்கைப் போட்டு அணைப்பது மாதிரி. கணவாயை அது ஈட்டி மூக்கால் ஒரு தட்டுத் தட்டியது. கம்பு ஆடியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு முழு பலத்தோடு இழுத்தேன். நூல் தொய்ந்து விழுந்தது.

"இழுக்கக் கூடாது தம்பி! முதல்ல அடிக்கும், பிறகுதான் விழுங்கும். நூலை விடணும்." போட்கார அண்ணன் கோபப்படவில்லை. நெத்திலிக் கூட்டத்தில் அது அடிப்பதைப் பார்த்தவர் அவர். அந்த மனிதருக்குத் தெரிந்ததை ஆய்வாளர்கள் 2014-இல்தான் மெக்சிக்கோக் கரையில் வேகமாகப் படமெடுத்து அளந்து சொன்னார்கள். தலபத் கூட்டமாக வந்து சாளைப் பந்தைச் சுற்றி வளைக்கும். ஒன்று மாற்றி ஒன்று முறை வைத்து உள்ளே போகும். பாயை உயர்த்தி உடம்பை ஆடாமல் நிறுத்திக்கொண்டு, மெல்லிய மூக்கைச் சாளைகளுக்கு நடுவே நீட்டும். அவை கலைவதில்லை. பிறகு பக்கவாட்டில் ஒரு வெட்டு. அடிபட்டுத் தடுமாறுவதைத்தான் விழுங்கும். பிறகு வந்த இன்னொரு ஆய்வு, ஒவ்வொரு மீனுக்கும் இடப்பக்கமோ வலப்பக்கமோ பழகிய கை உண்டு என்றும் காட்டியது. எங்கள் கொழுந்துக் கூடைக்காரப் பெண்களுக்கும் பழகிய கை உண்டு, அம்மா இடது கைக்காரி.

அரைமணியில் இன்னொன்று வந்தது. இந்தத் தடவை அது தட்டியதும் ரீலைத் திறந்து விட்டேன். மனதுக்குள் ஐந்து எண்ணினேன். பிறகு பூட்டினேன்.

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது? ஸ்டோரில் கொழுந்து அரைக்கும் உருளை திடீரென்று வெறும் உருளையாகச் சுற்றினால் ஒரு கிறீச்சிடல் வருமே, அப்படி ரீல் அலறியது. என் கண்முன்னால் நூல் கரைந்து கொண்டிருந்தது. நூறு யார், இருநூறு யார். நூல் இந்தப் பக்கம் போகிறது, மீன் அந்தப் பக்கம் பாய்கிறது. நூலின் வளைவைக் கடலுக்குள் விட்டுவிட்டு அது எப்போதோ திரும்பிவிட்டது. முழு உடம்பும் தண்ணீருக்கு மேலே நின்றது, தலையை உதறியது, விழுந்தது, மறுபடி எழும்பியது. ஒன்பது தடவை எண்ணினேன். பிறகு எண்ணவில்லை. கை நடுங்கியது, கண்ணில் தண்ணீர் வந்தது, ஏன் என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. அரைக்கிலோத் துண்டுக்குள் இவ்வளவு இருந்ததா?

உலகத்திலேயே வேகமான மீன் இதுதான், மணிக்கு 110 கிலோமீட்டர் என்று பள்ளிப் பொது அறிவுப் புத்தகத்தில் போட்டிருக்கும். அந்தக் கணக்கு அமெரிக்காவில் புளோரிடாவின் லோங் கீ என்ற மீன்பிடி முகாமில் பிறந்தது. தூண்டிலில் பட்ட மீன் ஒன்று 3 வினாடியில் 100 யார் நூலை இழுத்தது என்று அங்கே அளந்தார்களாம். துள்ளுகிற மீனின் நூலை வைத்து நீந்துகிற வேகத்தைச் சொல்ல முடியாது. 2016-இல் வெளியான ஆய்வில், தசை எவ்வளவு விரைவாகச் சுருங்கி விரிகிறது என்பதை அளந்து கணக்கிட்டார்கள். தலபத்துக்குக் கிடைத்தது வினாடிக்கு 8.3 மீட்டர், அதாவது மணிக்கு 30 கிலோமீட்டர். சீலாவும் சிறு சூரையும் அதற்கும் பின்னால்தான். வினாடிக்கு 10 முதல் 15 மீட்டருக்கு மேலே போனால் செட்டையைச் சுற்றித் தண்ணீர் குமிழியாக வெடித்துச் சதையையே அரிக்கும் என்றும் சொல்கிறார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு ஏமாற்றம் வரவில்லை. இறம்பொடை வளைவுகளில் பஸ் முக்கி முக்கி இறங்கும் வேகம் அது. ஆனால் பஸ் காற்றில் போகிறது, இது காற்றைப் போல 800 மடங்கு அடர்ந்த தண்ணீருக்குள் போகிறது. 300 மீட்டர் நூலை 36 வினாடியில் இழுத்து முடிக்கும். நின்ற இடத்திலிருந்து அந்த வேகத்துக்கு அது எழும்புகிற விதம்தான் ஆளை உலுக்குகிறது. என் கையில் பட்டது அதுதான். பொய்யான பெரிய எண்ணைவிட இந்த உண்மையான சின்ன எண் எனக்குப் பிடித்திருக்கிறது, ஏனென்றால் இதை நான் தொட்டிருக்கிறேன்.

நாற்பது நிமிடத்தில் போட்டுக்குப் பக்கத்தில் வந்தது. கொக்கி தொண்டைக்குள் போய்ச் செவுள் பூவில் மாட்டியிருந்தது, செவுளிலிருந்து இரத்தம் வந்துகொண்டிருந்தது. விட்டாலும் பிழைக்காது என்றார் போட்கார அண்ணன். துணியைச் சுற்றி மூக்கைப் பிடித்துத் தூக்கினார்கள். முப்பது கிலோவுக்குக் கிட்ட இருக்கும். அது போட்டுக்குள் கிடந்தபோது நான் பார்த்ததை மறக்க முடியாது. நீலக் கோடுகள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஊதா போனது. செம்பு போனது. சில நிமிடத்தில் அந்த உடம்பு முழுக்கச் சாம்பல் ஆனது. அந்தச் சாம்பலை எனக்குத் தெரியும். பேப்பரில் சுற்றி வந்த துண்டின் ஓரத்துத் தோல் நிறம் அது.

கரையில் ஐஸ் போட்ட லொறி நின்றது. மீனை நிறுத்துக் காசு வாங்கினார் போட்கார அண்ணன். அவருக்கு எண்ணெய்ச் செலவு இருக்கிறது, எஞ்சின் கடன் இருக்கிறது, மகளுக்கு ஸ்கூல் இருக்கிறது. அவர் பிடித்த மீனை விடு என்று சொல்ல எனக்கு ஒரு உரிமையும் இல்லை. என் வீட்டுச் சம்பள நாள் மீனைப் பிடித்தனுப்பியது அவரைப் போன்றவர்கள்தான். ஆனால் நான் பிழைப்புக்காகப் போனவன் இல்லை. அந்த இழுப்புக்காகப் போனவன். இழுப்பு கிடைத்த பிறகு அந்த நிறங்கள் அணையாமல் போக வழி இருந்தால் அதைச் செய்வது என் கடமை என்று பட்டது. இந்தியப் பெருங்கடல் சூரை ஆணைக்குழு 2018-இல் எடுத்த முடிவின்படி, முழு இந்தியப் பெருங்கடலிலும் தலபத் பிடிப்பு வருடத்துக்கு 25,000 தொன்னைத் தாண்டக் கூடாது. பெரும்பகுதி வலையில்தான் படுகிறது. ஒருவன் ஒரு மீனை விடுவதால் அந்தக் கணக்கு அசையாது. ஆனாலும் அந்த ஒரு மீனுக்கு அது முழுக் கணக்கு.

அடுத்த ஜூனில் மறுபடி போனேன். ஒரு நாள் கூலியையும் எண்ணெய்க் காசையும் முன்னாலேயே கொடுத்துவிட்டுக் கேட்டேன். போட்கார அண்ணன் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "சரி தம்பி, சூரை பட்டா எனக்கு, தலபத் பட்டா உங்களுக்கு" என்றார். இந்தத் தடவை வளையமாக உள்ளே வளைந்த கொக்கி கொண்டுபோயிருந்தேன். அதை விழுங்கினாலும் தொண்டையில் குத்தாது, இழுக்கும்போது வழுக்கி வந்து வாயோரத்தில் மாட்டும். மதியத்துக்கு முன்னால் ஒன்று பட்டது. பக்கத்தில் வந்ததும் தண்ணீரை விட்டுத் தூக்கவே இல்லை. கையுறை போட்டுக்கொண்டு மூக்கைப் பிடித்தேன், அரம் மாதிரிச் சொரசொரப்பாக இருந்தது. அண்ணன் ஒரு கயிற்றை மூக்கு நுனியிலிருந்து வால்வரை அதன் பக்கத்தில் பிடித்து, வால் முடியும் இடத்தில் முடிச்சுப் போட்டார். போட் மெதுவாக முன்னால் நகர்ந்தது, தண்ணீர் அதன் வாய் வழியாகப் போய்ச் செவுளால் வந்தது. அந்தப் பெரிய கண் என்னைப் பார்த்ததா என்று தெரியாது. கொஞ்ச நேரத்தில் என் கைக்குள் அதன் தசை இறுகுவதை உணர்ந்தேன். நீலக் கோடுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறின. விட்டேன். வாலை ஒருமுறைதான் அடித்தது. பிறகு அங்கே தண்ணீர் மட்டும் இருந்தது.

கயிற்றை ஊருக்குக் கொண்டுவந்தேன். அப்பா இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். எழுந்துபோய்க் கயிற்றின் ஒரு நுனியைக் கதவு நிலையில் வைத்துப் பிடித்துக்கொண்டார். அம்மா முடிச்சுப் போட்ட நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னால் பின்னால் போனாள். எங்கள் காம்பிரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. கயிறு எட்டடிக்கு மேலே போய்ச் சுவரோரம் வைத்திருந்த அடுப்புக் கல்லுக்குக் கிட்ட நின்றது. இருவரும் கயிற்றைத் தாழ விடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நாம வாங்குற துண்டு இதுல எந்த எடம்பா?" என்று கேட்டாள் அம்மா.

நான் நடுவில் போய், கயிற்றின் மேல் இரண்டு விரலை வைத்துக் காட்டினேன்.